மறு: நாட்ச் மரபணுவுக்கு 'மூளி' பொருந்துமா?

(இராயபுரத்திலிருந்து)

அன்புள்ள தம்பிக்கும் குழுவினருக்கும்,

செல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் நாட்ச் (Notch, விளிம்பில் விழும் வெட்டு) மரபணுவுக்கு நம் பாடநூல் அட்டவணையிலும் துண்டறிக்கையிலும் 'மூளி' என்று தமிழ்ப்பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அருமையான சொல். விளிம்பு சிதைந்தது மூளிப் பானை, அறுந்தது மூளிக்காது. பழ ஈயின் இறகு விளிம்பில் கடித்தெடுத்தாற்போல் ஒரு துண்டு குறைந்திருந்ததை 1910களில் அமெரிக்க ஆய்வகங்களில் பார்த்துத்தான் நாட்ச் என்று பெயர் வைத்தார்கள். தச்சர்களின் 'காடி' வேண்டுமென்றே வெட்டுவது. மூளி சிதைந்து போனது. பொருளளவில் உங்கள் தேர்வுதான் சரி.

ஆனாலும் மரபணுவின் பெயராக அது வேண்டாம் என்பேன். ஈ ஆய்வாளர்கள், மரபணு கெட்டால் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதையே அதன் பெயராக்கினார்கள். இறகு மூளியாவது மரபணுவின் இரண்டு படிகளில் (பிரதிகளில்) ஒன்று போனால் தெரியும் சின்ன அடையாளம். முழுதும் போனால் கரு பிழைக்காது, தோலாக வேண்டிய செல்கள்கூட நரம்பாகிவிடும். பெயரை மொழிபெயர்த்தால் அந்தச் சின்ன அடையாளம் மட்டும் தமிழுக்கு வரும், மரபணுவின் வேலை வராது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நாம் எழுதும் துண்டறிக்கை வடசென்னையில் குழந்தை மருத்துவரிடம் வரும் பெற்றோர் கைக்குப் போகப்போகிறது. இங்கே 'மூளி' வசைச்சொல், அதிலும் பெண்கள்மேல் வீசப்படுவது. அலஜில் நோய் (கல்லீரல், நுரையீரல் தமனி, முதுகெலும்பைத் தாக்கும் பிறவி நோய்) உள்ள குழந்தையின் தாயிடம் போய் 'மூளி' மரபணுவின் சேதிப் பாதையில் பழுது என்று சொல்ல முடியுமா? இதே பாதையில் வரும் லூனாடிக் ஃபிரிஞ்ச் மரபணு (லூனாடிக் என்றால் பைத்தியம்) கெட்டால் முதுகெலும்பு கோணும். அந்தப் பெயரைக் குடும்பத்தாரிடம் சொல்ல மருத்துவர்களுக்கே கூசியதால் எல்எஃப்என்ஜி என்று எழுத்துகளால் சொல்கிறார்கள். ஆகவே மனிதர்களில் உள்ள நாட்ச்-1 முதல் நாட்ச்-4 வரை ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

நமக்குத் தமிழ் வேண்டியது ஜக்ஸ்டாக்ரைன் என்பதற்கு, அதாவது ஒட்டியிருக்கும் செல்லோடு மட்டும் பேசும் முறைக்கு. ஹார்மோன் காசிமேட்டு மீன் ஏலம்போல. குரல் எல்லார் காதிலும் விழும். நாட்ச் பேசுவது மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல. கை தொட்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு செல்லின் மேல் நிற்கும் டெல்டா அல்லது ஜாக்ட் புரதம் அடுத்த செல்லின் நாட்ச் ஏற்பியை (சேதியைப் பெறும் புரதத்தை) பற்றுகிறது. பற்றினால் மட்டும் போதாது. டெல்டா செல் அதைத் தன் உள்ளே இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் ஏற்பியின் மூடியிருந்த பகுதி திறக்கிறது. அங்கே ஏடாம்-10 நொதி முதல் வெட்டுப் போடும். பிறகு சவ்வுக்குள்ளேயே காமா செக்ரிடேஸ் என்னும் நொதியின் அடுத்த வெட்டு. விடுபட்ட உள்துண்டு நேரே உட்கருவுக்குப் போய் மரபணுக்களை இயக்கும். நடுவில் சேதியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆள் யாருமில்லை. ஓர் ஏற்பிக்கு ஓர் உள்துண்டு, அதோடு அந்த ஏற்பி தீர்ந்தது. ஒரு படி குறைந்தாலே உறுப்பு தடுமாறுவது இதனால்தான். அலஜில் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஜாக்ட் புரதத்தைத் தரும் ஜாக்-1 மரபணுவின் ஒரு படிதான் பழுது. அதற்கே கல்லீரலில் பித்தநாளங்கள் குறைகின்றன, நுரையீரல் தமனி குறுகுகிறது, முதுகெலும்பு எக்ஸ்ரேயில் பட்டாம்பூச்சி வடிவில் தெரிகிறது.

என் பரிந்துரை: தொடுகுறிகை (குறிகை என்றால் சிக்னல்). தொடுதிரைபோல வினைத்தொகை என்பதால் வலி மிகாது, 'தொடுக்குறிகை' என்று எழுதிவிட வேண்டாம்.

(பெரம்பூரிலிருந்து)

அக்கா, மூளியை விட்டுவிடுகிறேன். ஆனால் 'தொடுகுறி' என்றதும் கட்டத்தைத் தொட்டுப் பலன் பார்க்கும் தொடுகுறி சாத்திரம் நினைவுக்கு வருகிறதே! தொட்டால் ஒட்டும் நோய் என்றும் சிலர் நினைக்கக்கூடும். 'அண்டைக் குறிகை' போதாதா? இன்னொன்று, நாட்ச்-1ஐப் 'புற்றுநோய் மரபணு' என்று அட்டவணையில் போட்டிருக்கிறேன், சரிதானே?

(இராயபுரத்திலிருந்து)

தம்பி, சாத்திரம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல வேளை சொன்னீர்கள். ஆனால் 'அண்டை'யைப் பாராக்ரைனுக்கு ஒதுக்க வேண்டும். அதில் சேதி சுரந்து பக்கத்துச் செல்களுக்குப் பரவும், தொடத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். 'தீண்டுகுறிகை'யை எழுதவே கை வரவில்லை, அந்த வேர்ச்சொல் நம் சமூகத்தில் சுமக்கும் வலி வேறு. ஆகவே பாடநூலுக்குத் தொடுகுறிகை, 'தொடுகுறி' என்று சுருக்காமல். துண்டறிக்கையில் கலைச்சொல்லே வேண்டாம். 'ஒட்டியிருக்கும் செல்லுக்குச் சொல்லும் சேதி' என்று எழுதி, கீழேயே 'இது தொற்றுநோய் அல்ல' என்று ஒரு வரி சேருங்கள்.

'புற்றுநோய் மரபணு'வைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். டி-செல் கடும் ரத்தப் புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் நாட்ச்-1 மாற்றம் இருப்பது 2004இல் தெரிந்தது. அங்கே யாரும் தொடாமலே வெட்டு விழுகிறது, அல்லது உள்துண்டு சிதையாமல் நெடுநேரம் நிற்கிறது. ஆனால் தோலில் அதே மரபணு புற்றைத் தடுக்கும் பக்கம். நல்ல திசுக்களுக்கும் நாட்ச் வேண்டும் என்பதால்தான் காமா செக்ரிடேஸை மருந்தால் அடக்கினால் பக்கவிளைவு வருகிறது. குடலில் சளி சுரக்கும் செல்கள் பெருகி வயிற்றுப்போக்கு கண்டுவிடும். 'திசுவைப் பொறுத்துப் புற்றைத் தூண்டும் அல்லது தடுக்கும்' என்று நீளமாகவே போடுங்கள்.

ஹேப்ளோஇன்சஃபிஷியன்சிக்கு, அதாவது மரபணுவின் ஒரு படி மட்டும் நல்லதாக இருந்து அது போதாமல் போவதற்கு, 'ஒருபடிப் போதாமை' என்று குறித்து வைத்திருக்கிறேன். படி என்றால் மாடிப்படி என்று எடுத்துக்கொள்வார்களோ என்பதுதான் கவலை. 'ஒற்றைப்பிரதிப் போதாமை' மேலா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அட்டவணையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.