மருந்து பார்கோடு ஸ்கேனைத் தாண்டிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்யும் பார்கோடு முறை வந்தும், நர்சுகள் கைப்பட்டையை விட்டுவிட்டு மேசையில் ஒட்டிய அதன் நகலை ஸ்கேன் செய்கிறார்கள். கண்டிப்பதா?

பதில் 1: கண்டித்தால் நகல் டிராயருக்குள் போகும், அவ்வளவுதான். காரணத்தைத் தேடுங்கள்: நனைந்து மங்கிய பட்டை, சார்ஜ் இல்லாத ஸ்கேனர், படுக்கை வரை போகாத ட்ராலி. ஆம்பூல் (ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி) லேபிளையும் பாருங்கள். கோடுகள் நெடுக்காக நின்றால் வளைவில் பாதி மறைந்து ஸ்கேனர் படிக்காது. ஏணிப்படி போலக் குறுக்கே அமைய வேண்டும். சின்ன ஆம்பூலுக்கு டேட்டாமேட்ரிக்ஸ் என்ற சின்னச் சதுரக் குறியீடுதான் சரி.

பதில் 2: மொத்த ஸ்கேன் சதவீதத்தை நம்பாதீர்கள், நகலும் அதில் சேர்ந்துவிடும். ஒரே நிமிடத்தில் பல நோயாளிகளின் பட்டை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியாக உடைத்த மாத்திரையை பார்மசியே பார்கோடு ஒட்டிப் பொட்டலமாக அனுப்பட்டும்.

பதில் 1: ஆமாம். இதெல்லாம் ஒரு வார்டில் சரியான பிறகே அடுத்த வார்டு.