பையன் நோட்டுல எழுதினதைப் பார்த்தேன், ஸ்கூல்ல என்ன செய்யணும்?

ஒன்பதாவது கிளாஸ் டீச்சர்:
வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளில வேலை பாக்கறேன். இன்னிக்கு காலைல நோட்டு திருத்தும்போது ஒரு பையனோட கணக்கு நோட்டு கடைசி பக்கத்துல "நான் இல்லன்னா வீட்ல எல்லாருக்கும் நிம்மதி"ன்னு எழுதி அடிச்சு வெச்சிருந்தான். காலாண்டு தேர்வுக்கு அப்புறம் ஆளே மாறிட்டான், மத்தியானம் டிபன் பாக்ஸையே திறக்கறதில்ல, உயிரா வெச்சிருந்த செஸ் போர்டை பக்கத்து பெஞ்ச் பையனுக்கு குடுத்துட்டான். ஹெச்எம் கிட்ட சொன்னா, பெத்தவங்களை வரச்சொல்லி "இனி இப்படி செய்ய மாட்டேன்"னு எழுதி வாங்கிக்கலாம், இல்லன்னா டிசி குடுத்துடலாம், போலீஸ் கேஸ்னு வந்தா யார் அலையறதுங்கறார். நான் நேரடியா கேட்டா இல்லாத எண்ணத்தை கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமா?

பள்ளி கவுன்சிலர்:
டீச்சர், செஸ் போர்டை குடுத்துட்டான்னு சொன்னீங்களே, எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துது. நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னிக்கே பேசுங்க. கேட்டா எண்ணம் வந்துடும்னு ஆராய்ச்சி எதுவும் சொல்லல, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு பசங்களுக்கு பாரம் குறையத்தான் செய்யும். ஸ்டாஃப் ரூம் வேணாம், அமைதியான இடத்துல உக்காந்து "நீ எழுதினதைப் பார்த்தேன்பா, செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. "தப்பா ஒண்ணும் யோசிக்கலைல்ல?"ன்னு கேட்டா "இல்ல மிஸ்"னுதான் பதில் வரும். ஆமான்னா, எப்போலேருந்து, முன்னாடி முயற்சி பண்ணிருக்கியா, ஏதாவது முடிவு பண்ணி வெச்சிருக்கியா, இப்ப இந்த நிமிஷமும் தோணுதான்னு கேளுங்க. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் உருவாக்கின ஏஎஸ்கியூங்கற சின்ன கேள்வித்தாளும் கிட்டத்தட்ட இதையேதான் கேக்குது. ரிஸ்க் கம்மின்னு ஃபைல்ல எழுதி வெக்கறதுக்காக இல்ல இதெல்லாம், இன்னிக்கு ராத்திரி இவன்கூட யார் இருக்கணும்னு முடிவு பண்றதுக்காக. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணிடாதீங்க. ஆமான்னு சொல்லிட்டா ஒரு நிமிஷம்கூட தனியா விடாம பெத்தவங்க கையில ஒப்படைச்சு, இன்னிக்கே மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு போகச் சொல்லுங்க. அதுவரைக்கும் டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416க்கு போன் போடுங்க, இருபத்தி நாலு மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, நீங்களே கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேக்கலாம்.

ரிட்டயர்டு தலைமையாசிரியர்:
அந்த லெட்டர் பள்ளிக்கூடத்துக்குத்தான் கவசம், பையனை காப்பாத்தாதுங்க. எழுதிக் குடுத்தவன் அடுத்த தடவை மனசுல என்ன இருந்தாலும் வாயே திறக்க மாட்டான். போலீஸ் பயத்துக்கும் அர்த்தமில்ல. 2017 மனநல பராமரிப்பு சட்டம் 115வது பிரிவுப்படி முயற்சி பண்ணினவங்களையே கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது. விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங்ல இருந்த ஒரு மாணவி இறந்த வழக்குல 2025 ஜூலைல உச்ச நீதிமன்றம் குடுத்த வழிகாட்டுதல்களை ஹெச்எம் கிட்ட காட்டுங்க. 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற இடத்துல பயிற்சி பெற்ற கவுன்சிலர் இருக்கணும், ஆசிரியர் ஊழியர் எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை பயிற்சி, உடனே யார்கிட்ட அனுப்பணும்னு எழுத்துல நடைமுறை, ஹெல்ப்லைன் நம்பர் கண்ணுல படற மாதிரி பெரிய எழுத்துல. இதெல்லாம் இருக்கற பள்ளிக்கூடம் எத்தனைன்னு நெனச்சா வயிறு எரியுது.

ஒரு அம்மா:
என் பொண்ணு பத்தாவது படிக்கும்போது இதே நிலைமை. ஆபீஸ் ரூம்ல கிளர்க் முன்னாடியே "என்னம்மா வளர்த்திருக்கீங்க"ன்னு கேட்டாங்க, அன்னிக்கு குனிஞ்ச தலையை அவ ரொம்ப நாள் நிமிர்த்தவே இல்ல. தயவுசெய்து பெத்தவங்களை அப்படி கூப்பிட்டு நிக்க வெக்காதீங்க. எங்களுக்கு உதவினது டாக்டர் சொன்ன ஒரு விஷயம், பாட்டியோட மாத்திரை, தோட்டத்து பூச்சி மருந்து எல்லாத்தையும் பூட்டி சாவியை நாங்க வெச்சுக்கறது. பள்ளிக்கூடத்துலேருந்து இதை யாரும் சொல்லவே இல்லீங்க.

ஒன்பதாவது கிளாஸ் டீச்சர்:
கேட்டேன். ரொம்ப நேரம் அழுதுட்டு ஆமான்னான். அவன் அம்மா வந்துட்டாங்க, நானும் கூட ஆஸ்பத்திரிக்கு கிளம்பறேன், பூட்டி வெக்கறதையும் வழியிலயே சொல்லிடறேன். லெட்டர் பேச்சை ஹெச்எம் விட்டுட்டார். திரும்ப வரும்போது கிளாஸ்ல எப்படி நடத்துறது?

பள்ளி கவுன்சிலர்:
ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்க டீச்சர். வர்றதுக்கு முன்னாடி அவன், அம்மா, நீங்க மூணு பேரும் உக்காந்து பேசிடுங்க. மனசு கஷ்டமானா பாதி பீரியட்ல எழுந்து யார்கிட்ட போகலாம்ங்கறதை அவனே சொல்லட்டும், அந்த ஆள் கணக்கு வாத்தியாரா இருந்தாலும் சரி வாட்ச்மேனா இருந்தாலும் சரி. விட்டுப்போன டெஸ்ட்டையெல்லாம் முதல் வாரத்துலயே வெக்க வேணாம். மத்த பசங்க கேட்டா உடம்பு சரியில்லாம இருந்தான்னு சொன்னா போதும், அதுக்கு மேல சொல்றதா வேணாமான்னு அவன்கிட்ட கேட்டுக்கோங்க. அந்த பக்கத்து பெஞ்ச் பையனையும் நாளைக்கே தனியா கூப்பிட்டு பேசுங்க, அவனுக்கு ஏதாவது தெரிஞ்சிருந்து பயத்துல மறைச்சிருக்கலாம்.