கம்பெனி அலாயில் ஸ்பேசர் மாட்டியவர்கள் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை, போலோ 2016

வணக்கமுங்க. என் வண்டி போலோ, கம்பெனி கொடுத்த 15 இன்ச் அலாய் வீல்தான். பின்னாடி நின்னு பார்த்தா டயர் ரெண்டும் மட்கார்டுக்குள்ள ஒடுங்கி உக்காந்திருக்கும். வீல் மாத்த மனசில்லை, அந்த அலாய் எனக்குப் புடிக்கும். அதான் முன்னாடி 10 மி.மீ., பின்னாடி 15 மி.மீ. ஸ்பேசர் (வீல் மாட்டுற ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வெச்சு வீலை வெளிய தள்ளுற தட்டு) ஆன்லைன்ல வாங்கினேன். ஒன்றரை வருஷம் ஓட்டினதுல பட்டதை எழுதறேன்.

முதல் செட்டு மாட்டின அன்னைக்கே அவிநாசி ரோட்டுல 80 தாண்டுனதும் ஸ்டீயரிங் நடுங்குச்சு. வீல் பேலன்சிங் ரெண்டு தடவை பண்ணியும் போகலை. கடைக்காரர் ரோடு சரியில்லைன்னுட்டார். வீட்டுல ஜாக்கி போட்டுக் கழட்டி வெர்னியர்ல அளந்தப்பதான் விஷயம் புரிஞ்சது. ஹப்போட நடுவுல துருத்திக்கிட்டு ஒரு வளையம் இருக்குமில்லீங்களா, போலோல அது 57.1 மி.மீ. எனக்கு வந்த ஸ்பேசரோட நடு ஓட்டை 66-க்கு மேல. பல வண்டிக்கும் ஆகட்டும்னு பெருசாக் கடைஞ்சு வித்திருக்காங்க. அஞ்சு போல்ட் ஓட்டையும் அச்சாப் பொருந்தினதால நானும் அதை அளக்காம விட்டுட்டேன். நடுவுல பிடிமானம் இல்லாம போல்ட் மட்டுமே வீலைச் சுமந்துக்கிட்டு இருந்துச்சு.

அதைவிடப் பெரிய தப்பு போல்ட்டுல. வோக்ஸ்வேகன் கம்பெனி அலாய்க்கு வர்ற போல்ட்டோட கழுத்து கோலிக்குண்டு மாதிரி உருண்டையா இருக்கும். ஸ்பேசரோட வந்த நீளப் போல்ட் கூம்பு வடிவம். வெளிய பார்த்தா வித்தியாசமே தெரியாது. கழட்டி அலாய் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குழி முழுக்கப் பதிஞ்சிருக்க வேண்டிய இடத்துல, நூல் அளவுக்கு ஒரே ஒரு பளபளப்பான கோடு வட்டமா ஓடுது. அவ்வளவு இடத்துலதான் போல்ட் வீலைத் தொட்டிருக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. முந்தின ஞாயித்துக்கிழமைதான் குழந்தைகளை உக்காரவெச்சு ஈரோடு போய்ட்டு வந்திருந்தேன்.

ரெண்டாவது செட்டு சரியா வாங்கினேன். உள்ள 57.1, வெளிப்பக்கமும் அதே அளவுல உதடு, உருண்டைக் கழுத்து போல்ட். பழைய போல்ட் தண்டு நான் அளந்தது 28 மி.மீ., அதனால 15 மி.மீ. ஸ்பேசருக்கு 43. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க: பழைய போல்ட்டைக் கையால முறுக்கி எத்தனை சுத்து ஏறுதுன்னு எண்ணி வெச்சுக்குங்க. ஸ்பேசர் போட்டதுக்கப்புறமும் அதே கணக்கு வரணும். அப்புறம் ஹப் முகத்துல இருக்குற துருவைக் கம்பி பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் தேய்க்கணும். சின்ன பிசிறு நின்னாலும் ஸ்பேசர் சாஞ்சு உக்காரும். இறுக்கத்தை அளந்து முறுக்குற டார்க் ரென்ச்சுல 120 நியூட்டன் மீட்டர் வெச்சேன். 80 கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்ப வெச்சப்ப ரெண்டு போல்ட் கொஞ்சம் நகர்ந்து கொடுத்துச்சு. பட்டறைல யாரும் இந்த ரெண்டாவது தடவையைச் சொல்றதே இல்லை.

நடுக்கம் சுத்தமா நின்னுருச்சு. பார்க்கவும் அருமையா இருந்துச்சு, மறுக்கலை. ஆனா முன்னாடி 10 மி.மீ. எனக்கு ஒத்து வரலை. டயர் வெளிய தள்ளுனதும் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொண்ணும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்குது. என் வீல் ஈடி 40 (வீலோட நடுக்கோட்டுக்கும் ஹப்புல உக்கார்ற முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.ல), ஸ்பேசர் போட்டா 30 ஆயிருது, அதுக்குத் தகுந்த மாதிரி கம்பெனி சஸ்பென்ஷனை அமைக்கலை. ரெண்டே மாசத்துல கழட்டிட்டேன்.

பின்னாடி இருந்ததை ஊட்டி பயணம் கழட்ட வெச்சது. அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான். கல்லாறு தாண்டி வளைவுல ஏற ஏற இடது பின்பக்கம் சர்ர்ர்னு சத்தம். பர்லியார்ல நிறுத்திக் கையை விட்டுப் பார்த்தா மட்கார்டு லைனர் ஓரம் கருப்பா வழவழன்னு தேஞ்சு சூடா இருக்கு. ஒத்தையா ஓட்டும்போது ஒரு நாளும் உரசினதில்லை. வீட்டு முன்னாடி வெறும் வண்டியை நிறுத்தி விரல் வெச்சு இடைவெளி பார்க்குறது போதாதுங்க, ஆளேத்திப் பாருங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரில அதை உறுதி பண்ணுச்சு. அந்தப் பிரிவுல ஸ்பேசர்னு பேர் இல்லைதான், ஆனா விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் சர்வேயர்கிட்ட நாம என்ன வாதாட முடியும்?

மதுரை, ஸ்விஃப்ட்

அண்ணே, நீங்க சொன்ன சுத்துக் கணக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஸ்விஃப்ட்ல போல்ட் கிடையாது, ஹப்புலயே ஸ்டட், அதாவது மரை போட்ட தண்டு, நீட்டிக்கிட்டு இருக்கும், வெளிய நட்டு. டயர் கடையில "5 மி.மீ. தானே தம்பி, பழைய ஸ்டட்டே போதும்"னு மாட்டி விட்டாங்க. ஸ்டட் மரை 1.25 மி.மீ. இடைவெளி. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டா நாலு சுத்து போயிருச்சுல்ல. மிச்சம் அஞ்சோ அஞ்சரையோதான் பிடிச்சிருந்தது.

திண்டுக்கல் போற நாலுவழிச்சாலையில டக் டக்குன்னு சத்தம். கல்லு மாட்டிருக்குன்னு நெனச்சு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுனேன், அதுதான் தப்பு. இறங்கிப் பார்த்தா ஒரு நட்டு காணோம், ரெண்டு நட்டு விரலாலயே சுத்துது. அலாய் ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுத்துருச்சு. வீலைத் தூக்கிப் போட்டேன், நாலு ஸ்டட்டும் புதுசு. நட்டு வண்டிக்கு ஸ்பேசர் வேணும்னா நீள ஸ்டட் அடிக்கணும், இல்ல ஹப்போட தனியா இறுக்குற தடிமனான வகை வாங்கணும். வெறுமனே சொருகுற தட்டு 3 மி.மீ. ஆனாலும் நான் இனிமே தொட மாட்டேன்.

சென்னை, போலோ

பஞ்சர் கடை விஷயத்தை யாரும் சொல்லலையே. எனக்குப் பின்னாடி 15 மி.மீ. இருந்தது. செங்கல்பட்டு பக்கத்துல பஞ்சர். கடைப் பையன் வீலைக் கழட்டினப்போ ஸ்பேசரும் கையோட வந்துடுச்சு, அதை ஓரமா வெச்சுட்டு ஸ்டெப்னியை அந்த நீளப் போல்ட்லயே இறுக்கிட்டான். வண்டியை எடுத்ததும் கறகறன்னு ஒரு சத்தம், வீல் சுத்தவே இல்லை. பின்னாடி டிரம் பிரேக் இல்லையா, நீளப் போல்ட் ஹப்பைத் தாண்டி உள்ளே போய் பிரேக் பாகத்துல முட்டிடுச்சு. பத்தடி கூட நகராததால தப்பிச்சேன். பழைய போல்ட் பத்தும் வீட்டு அலமாரியில பத்திரமா இருந்தது! ஸ்பேசர் ஓட்டுறவங்க பழைய போல்ட்டை ஸ்டெப்னிக்கு அடியிலேயே ஒரு துணியில கட்டி வெச்சுக்கோங்க.

கோவை அண்ணா, ஒரு கேள்வி. எங்க ஏரியா லேத்துல அலுமினியத் தகடு வாங்கிக் கடைஞ்சு தர்றேன்னு சொல்றாங்க, விலை பாதிதான். செய்யலாமா?

கோவை, போலோ 2016

வேண்டாமுங்க. இங்க எங்கூர்ல தெருவுக்கு நாலு லேத் இருக்கு, கடையற கையில குறை சொல்ல மாட்டேன். நீங்க சொல்ற தகடு என்ன உலோகக் கலவைன்னு அவங்களுக்கே தெரியாது. வார்ப்பு அலுமினியமா இருந்தா வெடிப்பு விடும், அது வெளிய தெரியவும் தெரியாது. ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு இணையா வரணும், அதுல கொஞ்சம் தப்பினாலும் எனக்கு வந்த நடுக்கம்தான் உங்களுக்கும்.

பழைய போல்ட்டைத் துணியில கட்டி வெக்கச் சொன்னீங்க பாருங்க, அது எனக்குத் தோணவே இல்லை. என் தம்பி வண்டியில இன்னும் ஸ்பேசர் இருக்கு. இன்னைக்கே அவன் டிக்கியில போட்டு வெக்கறேன்.