நோகோடசோல் போட்டா சென்ட்ரோசோம் அளவு தப்பா வருமா?

செல் பயாலஜி லேப்ல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்களேன். ஹீலா செல்லை (லேப்ல வளக்கற மனுஷ கேன்சர் செல்) மைனஸ் 20 டிகிரி மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ணி, சென்ட்ரோசோம்ல (மைக்ரோடியூபுல் இழைங்க கிளம்பற இடம்) இருக்கற காமா டியூபுலின் புரோட்டீனை ஸ்டெயின் பண்றேன், இன்டர்ஃபேஸ்ல (செல் பிரியாம இருக்கற கட்டம்) நியூக்ளியஸ் ஓரமா ரெண்டு பொடிப் புள்ளி, மைட்டோசிஸ் (செல் பிரியற கட்டம்) வந்ததும் அதே புள்ளி நல்லா பெருத்து பளிச்னு தெரியுது, பாக்கவே அவ்ளோ அழகு! பிஎல்கே1 கைனேஸ் (பாஸ்ஃபேட் ஒட்டற என்சைம்) பெரிசென்ட்ரின்ங்கற சென்ட்ரோசோம் புரோட்டீனை பாஸ்ஃபோரிலேட் பண்ணாதான் மத்த புரோட்டீனெல்லாம் வந்து சேருது, பிஐ2536 மருந்து போட்டு பிஎல்கே1-ஐத் தடுத்தா புள்ளி பெருக்கறதில்ல. சந்தேகம், எல்லா செல்லும் ஒரே நேரத்துல மைட்டோசிஸுக்கு வர மாதிரி சிங்க் பண்றதுலதான். அதுக்குப் போடற நோகோடசோல் மருந்து மைக்ரோடியூபுலையே கலைச்சிடும், பெரிசென்ட்ரினை டைனீன்ங்கற மோட்டார் புரோட்டீன் அந்த இழை மேலதானே இழுத்துட்டு வருது, அப்போ இன்டென்சிட்டி குறைச்சலா வராதா? பதிலா ஆர்ஓ3306 மருந்து போட்டு ஜி2 (மைட்டோசிஸுக்கு முந்தின கட்டம்) கடைசில நிறுத்தி கழுவி விடலாமா? கழுவின எத்தனை நிமிஷத்துல ப்ரோஃபேஸ் (மைட்டோசிஸோட முதல் கட்டம்) பிடிக்கறீங்க, பேக்ரவுண்டை எப்படிக் கழிக்கறீங்க, செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.