தோட்டத்து வீடு குழு: சொட்டு நீர்க் குழாயப் புடுங்கறதா, வேண்டாமா?

*ஞாயிறு*

சித்தப்பா (காலை 6.10): எல்லாருக்கும் வணக்கம். தென்னந்தோப்புல சொட்டு நீர்க் குழாய் பூராத்தையும் புடுங்கிப் போட்டுட்டு, பழையபடி வாய்க்கால் தண்ணி பாய்ச்சிரலாம்னு இருக்கேன். கடைசி ரெண்டு வரிசைல மட்டை தொங்கிருச்சு, குரும்பை கொட்டுது. கூடவே ஆயிரம் அடிக்கு இன்னொரு போர்வெல் ஓட்டிரலாம். அண்ணா, என்ன சொல்றீங்க?

அப்பா: போருக்கு அவசரப்படாத தம்பி. பக்கத்துக் காட்டுல ரெண்டு வருசத்துல மூணு போர் ஓட்டுனாங்க. மூணுலயும் புழுதிதான் பறந்துச்சு.

அத்தை: பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) பாசனத் தண்ணி நம்ம மண்டலத்துக்கு எப்பத் திறப்பாங்க?

சித்தப்பா: நாலு மண்டலம் சுத்தி வரோணும். இந்தச் சுத்துல நமக்கு இல்லீங்க அக்கா. போர்த் தண்ணிய நம்பித்தான் கோடையத் தாண்டோணும்.

நான்: சித்தப்பா, ஒரு வாரம் பொறுங்க. குழாயக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அளந்து பாத்துரலாம். நம்முது மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் (குழாயில தண்ணி சொட்டற மூக்கு). அப்படீன்னா 15 நிமிசத்துல சரியா 1 லிட்டர் சொட்டோணும். ஃபில்டர் பக்கத்து மரத்துல ஒரு டப்பா, கடைசி மரத்துல ஒரு டப்பா. 15 நிமிசம் கழிச்சு ரெண்டையும் அளவு ஜக்குல ஊத்திப் பாருங்க.

சித்தி: நான் பாக்கறேன் கண்ணு. இப்ப மோட்டார் ஓடிட்டுத்தான் இருக்குது.

சித்தி (காலை 7.25): மொத மரம் 950 மில்லி. கடைசி மரம் 300 மில்லி. டிரிப்பர் வாய்ல சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருக்குது. போட்டோ போட்டிருக்கேன் பாரு.

நான்: அப்ப அந்த மரம் மூணுல ஒரு பங்கு தண்ணியிலயே உசுரோட இருக்குது சித்தப்பா. குழாய் போட்டது தப்பில்ல, அது அடைச்சுக் கெடக்குது. நம்ம தண்ணி உப்புத் தண்ணி. போடும்போது தண்ணி பரிசோதனை பண்ணுனாங்களா?

சித்தப்பா: பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டுப் போனாங்க. பேப்பர் எதுவும் கைக்கு வரல. குழாய் போட்ட கம்பெனி ஆளு மொத வருசம் ரெண்டு தடவ வந்தான், அப்பறம் போனையே எடுக்கல. அதுலதான் எனக்கு வெறுத்துப் போச்சு.

மாமா: மாப்ள, கம்பெனி ஆளுக்காக ஏன் காத்திருக்கீங்க? நம்ம வட்டார வேளாண் விரிவாக்க மையத்துல போய் உக்காருங்க. தென்னைக்கு அவங்கதான் பாப்பாங்க. நான் தக்காளி போடறதால எனக்குத் தோட்டக்கலைத் துறை. மானியம் வாங்கறதுக்கு மட்டும் அந்த ஆபீசுன்னு நாம நெனச்சுக்கறோம். காட்டுக்கு வந்து பாத்துச் சொல்றதும் அவங்க வேலைதான். நாம கூப்புடறதில்ல.

சித்தப்பா: கூப்புட்டா வருவாங்களா?

மாமா: எங்க காட்டுக்கு வந்தாங்க. ரெண்டு தடவ நடந்தேன், மூணாவது நாள் வந்தாங்க.

நான்: நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் வர்றேன் சித்தப்பா. சேர்ந்து போலாம்.

*புதன்*

நான் (மாலை 5.40): இன்னிக்குக் காத்தால உதவி வேளாண் அலுவலர் வந்து ரெண்டு மணி நேரம் தோப்புல நின்னாருங்க. எல்லாருக்கும் தெரியட்டும்னு விவரமா எழுதறேன்.

மொதல்ல குழாயவே பாக்கல. 200 லிட்டர் டிரம்ம போர் வாய்ல வெக்கச் சொன்னாரு. டிரம் நிறையறதுக்கு 3 நிமிசம் ஆச்சு. அப்ப மணிக்கு 4,000 லிட்டர். நம்மகிட்ட 210 மரம். மரத்துக்கு 4 டிரிப்பர், மணிக்கு 16 லிட்டர். மொத்தம் மணிக்கு 3,360 லிட்டர். போர் குடுக்கறதுக்கு உள்ளதான் இருக்குது.

கோடையில தென்னைக்கு நாளைக்கு 65 லிட்டர் வரைக்கும் போதும்னு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பிப்ரவரிலிருந்து மே வரைக்கும் அந்தக் கணக்கு, மழ மாசத்துல இன்னும் கொறைச்சு. 4 மணி நேரம் ஓட்டுனா 64 லிட்டர் ஆச்சு. நம்ம போர் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இழுக்க மாட்டேங்குது, அதனால காத்தால 2, சாயங்காலம் 2 ஓட்டச் சொன்னாரு.

இருக்கற தண்ணியே போதும் சித்தப்பா. நீங்க பக்கத்துல நின்னு கேட்டீங்க, இருந்தாலும் மறுபடி எழுதறேன். அது மரத்துக்குப் போய்ச் சேரலீங்கறதுதான் பிரச்சனை.

அப்பா: ஃபில்டர் எப்படி இருந்துச்சு?

நான்: ஃபில்டருக்கு முன்னாடி ஒரு அழுத்த மானி, பின்னாடி ஒண்ணு இருக்குதில்லீங்க அப்பா? ரெண்டுக்கும் நடுவுல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா ஃபில்டரக் கழுவோணும். நம்ம மானி ரெண்டும் துருப்புடிச்சு முள்ளே அசையல. அத மாத்தோணும். லேட்ரல் குழாய் (மர வரிசையில ஓடற சின்னக் குழாய்) கடைசி மூடியக் கழட்டித் திறந்து விட்டோம், டீத்தண்ணி மாதிரிக் கலங்கலா வந்துச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் தெளிஞ்சுது. அத மாசம் ஒரு தடவையாவது பண்ணோணும்.

சித்தி: ஆசிட் விடச் சொன்னாரே, அத எழுது. எனக்குப் பயமா இருக்குது.

நான்: உப்பு அடைப்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். வென்சுரி (உரம், மருந்த உறிஞ்சிக் குழாய்த் தண்ணியில கலக்கற கருவி) வழியா விட்டு, தண்ணியோட கார அமில நெல (pH) 4க்கு வந்ததும் மோட்டார நிறுத்தி, ராத்திரி பூரா குழாய்க்குள்ள நிக்க விடோணும். காத்தால கடைசி மூடியத் திறந்து கழுவி விடோணும். அளவு தண்ணிக்குத் தண்ணி மாறும், அதனால மாதிரி எடுத்துட்டுப் போயிருக்காரு. ரிசல்ட் வந்தப்பறம் அவரே அளவு சொல்லுவாரு. அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க. தண்ணிக்குள்ளதான் ஆசிட்ட ஊத்தோணும், ஆசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தவே கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாம வேண்டாம் சித்தி.

அப்பத்தா (பேசுனத அத்தை எழுதுனது): உங்க அப்பாரு கமலை எறச்ச காலத்துல மரத்தடியில தேங்காமட்டய அடுக்கி வெப்பாரு. ஈரம் போகாது. இப்ப மட்டயெல்லாம் வித்துப்போடறீங்க.

நான்: அப்பத்தா, அந்த அலுவலரும் அதையேதான் சொன்னாரு! வட்டப்பாத்தியில மரத்துக்கு 100 மட்டை, முதுகு மேல பாக்கற மாதிரிக் கவுத்துப் போடச் சொன்னாரு. இந்தத் தடவ மட்டைய விக்க வேண்டாம் சித்தப்பா.

சித்தப்பா: சரி கண்ணு. விக்கல.

மாமா: புதுசாப் போட மறுபடி மானியம் உண்டான்னு கேட்டீங்களா மாப்ள?

சித்தப்பா: கேட்டனுங்க. போட்டு 7 வருசம் ஆனா மறுபடி விண்ணப்பிக்கலாமாம். நமக்கு ஒரு வருசம் பாக்கி. சிறு குறு விவசாயிக்கு 100 சதம், 5 ஏக்கர் வரைக்கும். மத்தவங்களுக்கு 75 சதம். மத்திய அரசு குடுக்கறது சிறு குறு விவசாயிக்கு 55 சதம், மத்தவங்களுக்கு 45 சதம் தான், மிச்சத்த நம்ம மாநில அரசு போடுதுன்னு சொன்னாரு.

அத்தை: என்னென்ன பேப்பர் கேக்கறாங்க?

சித்தப்பா: சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், ரேசன் கார்டு, தாசில்தார் குடுக்கற சிறு குறு விவசாயி சான்று, போட்டோ. சொட்டு நீர் மானியத்துக்குன்னு அரசு வெச்சிருக்கற மிமிஸ் வலைத்தளத்துல பதியோணும். உழவன் செயலியிலயும் விவரம் இருக்குதாம்.

அப்பா: போர் யோசன என்னாச்சு?

நான்: அதையும் கேட்டனுங்க அப்பா. நம்ம குறுவட்டம் அதிநுகர்வுப் பட்டியல்ல இருக்குது. வருசத்துக்கு மழையில ஊறற தண்ணிய விட நாம உறிஞ்சறது ஜாஸ்தின்னு அர்த்தம். பாதுகாப்பான குறுவட்டத்துல மட்டுந்தான் போருக்கு உதவி. சொந்தக் காசுல ஓட்டறதா இருந்தாலும், வேளாண் பொறியியல் துறைல கருவி வெச்சுப் பூமிக்கடியில பாத்துச் சொல்லுவாங்க. அதப் பண்ணாம லட்சக்கணக்குல பணத்தக் குழிக்குள்ள போட வேண்டாம். அதுக்கு முன்னாடி மேக்காலப் பள்ளத்துல ஒரு பண்ணைக்குட்டை வெட்டலாம், அதுக்கும் அதே துறைதான். மழத்தண்ணி அந்த வழியாத்தான் ரோட்டுக்கு ஓடுது. சின்ன வயசுல நாங்க கப்பல் விட்ட எடம். அந்தத் தண்ணி நம்ம காட்டுக்குள்ளயே எறங்கோணும்னு எனக்கு ரொம்ப ஆசை சித்தப்பா.

சித்தப்பா: போர் வேண்டாம் விடு. குட்டைக்கு எழுதிக் குடுத்துரலாம்.

*பதினாறு நாள் கழிச்சு, வெள்ளி*

சித்தி (காலை 7.05): நேத்து அந்த வேளாண் அலுவலரு வந்து கூட நின்னாரு, ஆசிட் விட்டோம். காத்தால கழுவி விட்டேன். கடைசி மரம் 15 நிமிசத்துக்கு 850 மில்லி.

அத்தை: ரொம்ப சந்தோசம்டி!

அப்பா: வரிசைக்கு ஒண்ணா எல்லாத்தையும் அளந்து நோட்டுல எழுதி வை தம்பி. அடுத்த மாசம் ஒத்துப் பாக்கோணும்.

சித்தப்பா: 11 டிரிப்பர் மட்டும் அசையல அண்ணா. அத மாத்திரலாம். புது அழுத்த மானி ரெண்டு வாங்கியாச்சு. மோட்டார் ரூம் செவுத்துல ஒரு காலண்டரும் மாட்டியிருக்கேன், கழுவற தேதிய அதுல வட்டம் போட. சாயங்காலம் 4 மணிக்கு மறுபடி ஓட்டறேன். டப்பாவ எடுத்து வெக்கச் சொல்லி உங்க சித்திகிட்ட நீயே சொல்லு கண்ணு, இங்க சத்தத்துல காது கேக்க மாட்டேங்குது.

சித்தி: கேக்குது, கேக்குது. எடுத்து வெச்சாச்சு.