கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் இந்தக் கார் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டா, அம்பாசடரா?

முள்ளியவளையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சியில் பழைய தமிழ்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதியிலிருந்துதான் பார்த்தோம் என்பதால் படத்தின் பெயர் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கார் வந்து நிற்கும் காட்சியின்போது, சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எங்கட ஒக்ஸ்போர்ட்" என்றார். இந்தியப் படங்களில் சிறு வயதிலிருந்தே பார்த்த கார் அது என்பதால், "இல்லையப்பா, அது அம்பாசடர்" என்றேன். அவர் ஏற்கவில்லை. "பொனற்றைப் பார், நான் எத்தனை வருசம் அதைத் துடைத்தவன்" என்று சொல்லிவிட்டுப் படம் முடியும்வரை வேறொன்றும் பேசவில்லை.

நான் இதை இவ்வளவு அக்கறையோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. அப்பா 1970களிலும் 80களிலும் முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் இடையே மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஒன்றை வாடகைக்கு ஓடியவர். கல்யாண வீடு, பிள்ளைப்பேறு, வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்று எங்கள் ஊரில் அந்தக் காரில் ஏறாதவர்கள் குறைவு. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது புதுக்குடியிருப்புக்கு அப்பால் அதைக் கொண்டுபோக முடியவில்லை. குடும்பப் படங்கள் இருந்த தகரப் பெட்டியும் அதன் டிக்கியிலேயே போய்விட்டது. ஆகவே அந்தக் காரின் ஒரு படம்கூட இன்று எங்களிடம் இல்லை. இந்தத் திரைப்படத்தில் வருவது அதே வகைதான் என்றால், அந்தக் காட்சியை எடுத்து அப்பாவுக்குச் சட்டமிட்டுக் கொடுக்க விரும்புகிறேன். பிழையான காரைச் சட்டமிட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தொலைக்காட்சித் திரையைக் கைபேசியால் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்திருக்கிறது. பொனற்றில், அதாவது இயந்திரத்தை மூடும் முன்மூடியில், நீளவாக்கில் பள்ளமும் மேடுமாக மடிப்புகள் தெரிகின்றன. கிறில் கலங்கலாக இருக்கிறது. பின்பக்கம் இந்தக் காட்சியில் தெரியவில்லை. இன்னொரு காட்சியில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கிவிட்டு, உதைத்த அதே நெம்பை முன்னால் மடக்கி அதனாலேயே கியர் போடுகிறான். அது என்ன வகை என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி எழுதியது:

முதலில் எவை இல்லை என்பதைச் சொல்லிவிடலாம். இது மொறிஸ் மைனர் அல்ல. மைனரின் முன்கண்ணாடி 1956 வரையில் நடுவில் பிரிந்த இரண்டு துண்டுகளாகவே இருந்தது. அதன் பின்னரே ஒரே கண்ணாடி வந்தது. அந்த வேறுபாட்டை விட்டாலும், உங்கள் படத்தில் உள்ள கார் மைனரைவிட நன்றாக அகலமானது; முன் இருக்கையில் மூவர் நெருக்கமின்றி இருக்கிறார்கள்.

என் கணிப்பு, இது இந்துஸ்தான் லாண்ட்மாஸ்டர் என்பதாகும். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் இரண்டாம் சீரிஸ் 1954இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே காரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள உத்தர்பாராவில் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் செய்தது. படம் சென்னையில் எடுக்கப்பட்டது என்றால் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ஒக்ஸ்போர்ட் அதில் வரும் வாய்ப்புக் குறைவு. சுதந்திரத்துக்குப் பின்னர் இந்தியா வெளிநாட்டுக் கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதால், 60களின் தமிழ்ப் படங்களில் தெருவில் ஓடுபவை பெரும்பாலும் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். உங்கள் தந்தையார் கண்டது அவருடைய காரின் இந்தியச் சகோதரமாக இருக்க வேண்டும்.

கிளிநொச்சி கராஜ் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவின் கண்ணில் பிழையில்லை. பரந்தன் சந்தி நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் லாண்ட்மாஸ்டர் என்பது சரியல்ல. நீங்கள் கவனித்து எழுதிய பொனற் மடிப்புகள்தான் அதற்குச் சான்று. இரண்டாம் சீரிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் பொனற் வழுவழுப்பானது. 1956 ஒக்டோபரில் வந்த மூன்றாம் சீரிஸில்தான் பொனற்றில் நீளவாக்கில் மடிப்புகள் வந்தன. பின் மட்கார்ட் நுனிகள் சிறிய செட்டை போல மேலெழுந்தன. இங்கிலாந்தில் அந்தக் கார் 1959இல் நின்றுபோனது. ஆனால் அதே உடலும் அதே பொனற்றும் உத்தர்பாராவில் அம்பாசடர் என்ற பெயரில் 2014 வரை தொடர்ந்தன. ஆகவே நீங்களும் அப்பாவும் ஒரே உடலைப் பார்த்துத்தான் இரண்டு பெயர் சொன்னீர்கள்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள். மொறிஸ் காரின் பொனற் நுனியில் உள்ள சின்னத்தில் நீரைக் கடக்கும் ஓர் எருது இருக்கும். ஒக்ஸ்போர்ட் நகரத்தின் முத்திரையிலிருந்து வந்த எருது அது. அந்த நகரின் பெயருக்கே எருது கடக்கும் துறை என்பதுதான் பொருள். அம்பாசடரில் அந்த எருது இருக்காது. அடுத்தது கிறில். 60களின் தொடக்கத்தில் வந்த இரண்டாம் மார்க், அதாவது இரண்டாம் வடிவ, அம்பாசடரின் கிறில் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக இருக்கும். இங்கிலாந்தில் செய்த மூன்றாம் சீரிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கு அப்படி ஒரு கிறில் வந்ததில்லை. கலங்கிய படத்திலும் கட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மூன்றாவது இலக்கத் தகடு. படப்பிடிப்புக்காகச் சிலர் பொய்த் தகடு ஒட்டுவதுண்டு என்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் அப்பாவின் கார் பற்றி ஒரு கேள்வி. அதன் இலக்கம் ஆங்கில எழுத்துகளில் தொடங்கியதா, சிங்கள ஸ்ரீயில் தொடங்கியதா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஸ்ரீ எழுத்து 1957இல்தான் தகடுகளில் ஏறத் தொடங்கியது; அதை எதிர்த்து 1958இல் நம்மவர்கள் தார் பூசிய வரலாறு எல்லோருக்கும் தெரியும்.

பொதுவாக இந்தக் கார்களைப் பற்றி எழுதுபவர்கள் தோற்றத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் அவற்றின் வயிற்றுக்குள் கைவைத்து வளர்ந்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒக்ஸ்போர்ட்டில் இருந்த 1489 சீசீ இயந்திரம் பி வகையைச் சேர்ந்தது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் அதே இயந்திரம்தான். 1990இன் பின்னர் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை வந்தபோது வன்னியில் இந்த இரண்டு கார்களும் ஒன்றுக்கொன்று உறுப்புத் தானம் செய்துதான் உயிர் தப்பின. ஒரு கேம்பிறிட்ஜ் படுத்துவிட்டால் அதன் பிஸ்ரன் ஓர் ஒக்ஸ்போர்ட்டுக்குள் போகும். பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே சிறிய போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் கார்ப்பிரேற்றருக்குள் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்போம். புதிய ஜப்பான் கார்களின் இயந்திரம் அதைத் தாங்காமல் தட்டும். அமுக்கம் குறைந்த இந்தப் பழைய இயந்திரங்கள் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், எண்ணெய்க் கோலை இழுத்து விரலில் தடவி மணந்து பார்க்காமல் எந்தச் சாரதியும் தூரப் பயணம் புறப்படுவதில்லை. உங்கள் அப்பாவைக் கேட்டால் அந்த மணத்தைச் சொல்வார்.

மடுவீதி எழுதியது:

காரைப் பற்றிக் கிளிநொச்சி ஐயா சொன்ன பின்னர் சொல்ல எதுவுமில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். உதைத்த நெம்பே கியர் நெம்பாகவும் மாறுவது ஜாவாவின் அடையாளம். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த இந்த வண்டியை 1961 முதல் மைசூரில் செய்தார்கள். 70களில் அதே ஆலையிலிருந்து யெஸ்டி என்ற பெயரில் வந்தது. ஒற்றைச் சிலிண்டர்தான் என்றாலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலென்சர் இருக்கும். உங்கள் மூன்றாவது படத்தில், பையன் வளைவில் சாயும்போது, இடப்பக்கச் சைலென்சரின் கூரிய முனை தெரிகிறது. மறுபக்கத்தையும் ஒரு காட்சியில் கண்டுவிட்டால் முடிவு உறுதி.

சத்தத்தை நம்ப வேண்டாம். பழைய படங்களில் ஒலியைப் பின்னர்தான் சேர்ப்பார்கள். ஜாவா ஓடும், காதில் புல்லட் கேட்கும். கண்ணையும் எச்சரிக்கையோடுதான் நம்ப வேண்டும். "தி கிரேட் எஸ்கேப்" என்ற 1963ஆம் ஆண்டுப் படத்தில் ஜெர்மன் இராணுவ வண்டியாக வேலி தாண்டுவது உண்மையில் இங்கிலாந்தின் ட்ரையம்ப் டீஆர் 6. இரண்டாம் உலகப் போர்க் கதையில் அறுபதுகளின் வண்டிக்கு நிறம் பூசி மாற்றி ஓட்டினார்கள். இயந்திரத்தின் வடிவத்தைத் தெரிந்தவர்களை அந்த நிறம் ஏமாற்றவில்லை. தொட்டியையும் இருக்கையையும் எவரும் மாற்றலாம். இயந்திர உறையின் வடிவத்தை மாற்றுவது கடினம். ஆகவே முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

வன்னியில் எங்கள் தலைமுறை ஜாவாவைக் கண்டது குறைவு. ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் 60களின் படமொன்றில் ஜாவா வந்தால், அந்தக் காலத்துச் சென்னையின் ஒரு தெருவே கண்முன் வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

முள்ளியவளையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அதே படத்தை நேற்றுப் பிற்பகல் மறுபடியும் ஒளிபரப்பினார்கள். இம்முறை கைபேசியை ஆயத்தமாக வைத்திருந்தேன். கார் ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போது பின்பக்கம் ஒரு கணம் தெரிகிறது. மட்கார்ட் நுனிகள் ஐயா சொன்னது போலவே சிறிதாக மேலெழுந்திருக்கின்றன. கிறிலில் கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. இலக்கம் அந்நாளைய மெட்ராஸ் மாநிலத்துக்குரிய எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. ஆகவே இரண்டாம் மார்க் அம்பாசடர் என்பதில் இனி ஐயமில்லை. படமும் 60களின் தொடக்கத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஜாவாவின் வலப்பக்கச் சைலென்சரையும் கண்டுவிட்டேன்.

அப்பாவிடம் எருதைப் பற்றி நான் முதலில் எதுவும் சொல்லவில்லை. காரின் முன்பக்கம் தெளிவாக விழுந்த படத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கைபேசியை முகத்துக்கு அருகே பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "மாடு இல்லை" என்றார். பிறகு, அந்தச் சின்னத்தில் சிவப்பு மாட்டின் கொம்பு ஒன்று உதிர்ந்துபோய், முல்லைத்தீவில் ஒரு பெயின்டர் நகப்பூச்சால் அதை வரைந்து கொடுத்த கதையைச் சொன்னார். இந்தக் கதையை அம்மாவும் கேட்டதில்லையாம்.

இலக்கம் ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்கியது என்று உறுதியாகச் சொல்கிறார். எண்ணெய்க் கோலைப் பற்றிக் கேட்டபோது, வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். வேறு பதில் சொல்லவில்லை.

இனி எனக்கு வேண்டியது அம்பாசடரின் படமல்ல. மூன்றாம் சீரிஸ் ஒக்ஸ்போர்ட் ஒன்று வன்னியில் எங்காவது மிஞ்சியிருக்கிறதா?

கிளிநொச்சி கராஜ் எழுதியது:

ஆங்கில எழுத்து என்றால் உங்கள் கார் ஸ்ரீக்கு முன்னர் பதிவானது. மூன்றாம் சீரிஸ் வெளிவந்ததோ 1956 ஒக்டோபரில். எனவே அந்த வகையில் இலங்கையில் முதலில் இறங்கிய கார்களில் ஒன்றை உங்கள் அப்பா ஓடியிருக்கிறார். 60களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி சுருங்கி, 1977க்குப் பிறகுதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு கார் ஏன் அத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

மூன்றாம் சீரிஸ் முழுதாக நிற்கும் இடம் எனக்குத் தெரியாது. என் கராஜின் பின்கொட்டிலில் இரண்டாம் சீரிஸ் ஒன்று நிற்கிறது. பொனற் வழுவழுப்பு, செட்டை இல்லை. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வந்த பின்னர் ஏமாறக் கூடாது. இயந்திரம் இறக்கியபடி கிடக்கிறது. ஆனால் ஸ்ரியறிங்கோடு ஒட்டிய கியர் நெம்பு இன்னும் இறுக்கமாக வேலை செய்கிறது, முன் இருக்கை அசலானது, சின்னத்தில் மாடும் இருக்கிறது, இரண்டு கொம்போடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜ் பூட்டு. ஆகவே ஆறுதலாக இருந்து பார்க்கலாம். கொட்டிலுக்குப் போகும் வழியில் மழைநீர் நிற்பதால், அப்பா நடக்கச் சிரமப்படுவார் என்றால் முதல் நாளே சொல்லுங்கள், நாங்கள் காரை முன்முற்றத்துக்குத் தள்ளி வைக்கிறோம்.

முள்ளியவளையான் எழுதியது:

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் ஐயா. காரைத் தள்ள வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். தான் உள்ளே ஏறி ஸ்ரியறிங்கைப் பிடிக்கும்வரை பொறுக்கட்டாம், அதற்குப் பிறகு நாங்கள் காரைத் தள்ளலாமாம்.