புதுப்பிப்பு: தோள் உரசல் வலி, எந்த நீட்சிப் பயிற்சி பலித்தது

எம்ஆர்டி ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் வலது தோள் சுருக்கென்று வலிக்கிறது, எதை நீட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 6 வாரத்தில் வலி விட்டது.

பலித்தது, கையை மார்புக்குக் குறுக்கே இழுக்கும் பயிற்சி. அதைச் சொன்ன அக்கா சேர்த்த ஒரு வரிதான் முக்கியம்: தோள்பட்டை எலும்பைச் சுவரில் அழுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பும் கையோடு நழுவி வரும்; முதுகுதான் நீளும், தோளின் பின்பக்கம் இறுக்கமாகவே இருக்கும். 30 நொடி, 5 முறை, தினமும். இழுப்பு தோளின் பின்னால் தெரிய வேண்டும். முன்னால் கிள்ளினால் முழங்கையைச் சற்று இறக்குங்கள்.

அடுத்து, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறைக் கதவு நிலையில் மார்புத் தசை நீட்சி. முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

எதிர்பாராதது: ஒருக்களித்துப் படுத்து முன்னங்கையைக் கீழே அழுத்தும் பயிற்சி வலியைக் கூட்டியது. கை 90 பாகை உயர்ந்து உள்நோக்கித் திரும்பும்போது தசைநார் தோளின் மேல் எலும்புக்கடியில் நெரிபடலாம்; உரசல் வலியே அதுதான். நான்காம் நாளே விட்டாயிற்று.

நீட்சியோடு ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பதும் வேண்டும்: 10 முறை, 3 சுற்று, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு. கையைத் திடீரென்று தூக்கவே முடியாவிட்டால் பயிற்சியை நிறுத்தி, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள்.